எட்டு நிமிஷ வில்லன்!

லேப் டைரி – இந்த வாரம்: சர்வருக்கு மணி பார்க்கக் கத்துக்கொடுப்போம்

வழக்கமா இந்தப் பக்கத்தில் யாரோ சொதப்பின கதையைச் சொல்லி, நாலு டிப்ஸ் கொடுத்துட்டு எஸ்கேப் ஆகிடுவேன். இந்த வாரம் அது நடக்காது. ஏன்னா, சொதப்பினது நானேதான்!

எங்க டிபார்ட்மென்ட்டில் அசைன்மென்ட் எல்லாத்தையும் லேப் சர்வரில்தான் அப்லோட் பண்ணணும். கெடு, ராத்திரி 12 மணி. அதைத் தாண்டி ஒரு செகண்ட் ஆனாலும் பேருக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'லேட்' என்று விழும். லேட் என்றால் பத்துக்குப் பூஜ்யம். இன்டர்னலில் பத்து மார்க்கோட மதிப்பு என்னன்னு உங்களுக்குச் சொல்லித்தான் தெரியணுமா?

போன மாசம் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டினாங்க. என் கிளாஸ்மேட் ஒருத்தி பேருக்கு எதிரே பூஜ்யம். அவ ரெண்டு ராத்திரி தூங்காம அந்த புரோகிராமை எழுதினது எங்களுக்குத் தெரியும்.

"சார், நான் 11.54-க்கு அப்லோட் பண்ணிட்டேன் சார். லேப்டாப்லயும் பார்த்தேன், போன்லயும் பார்த்தேன்" என்றாள்.

சார் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். 12.02. "சர்வர் பொய் சொல்லாதும்மா" என்றார், அமைதியாக.

அவ கண்ணில் தண்ணி முட்டிக்கிட்டு வெளியே வந்தா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? "கடைசி நிமிஷத்துல அப்லோட் பண்ணினா இப்படித்தான்!" என்று கிண்டல் அடிச்சேன். இப்போ நினைச்சாலும் என்னை நானே ஓங்கி ஒண்ணு வைக்கணும் போல இருக்கு.

துப்பு கொடுத்த வார்னிங்

ரெண்டு நாள் கழிச்சு, அதே லேப். என் சி புரோகிராமை 'மேக்' கமாண்ட் கொடுத்து கம்பைல் பண்ணினேன். திரையில் ஒரு வார்னிங்: இந்த ஃபைல் 487 செகண்ட் எதிர்காலத்தில் மாற்றப்பட்டிருக்கிறது!

எதிர்காலத்திலா? நான் என்ன டைம் மெஷினிலா உட்கார்ந்திருக்கேன்? பக்கத்து சிஸ்டத்தில் போய் முயற்சி செய்தேன். அங்கே 502 செகண்ட். அதற்கடுத்ததில் 476. ஒவ்வொரு மெஷினும் ஒரு நம்பர் சொல்லுது, ஆனா எல்லாமே எட்டு நிமிஷத்தைச் சுத்தி சுத்தி வருது.

'மேக்' எப்படி வேலை செய்யும்னு தெரிஞ்சவங்களுக்கு இது உடனே புரியும். எந்த ஃபைல் புதுசு, எது பழசு என்று நேரத்தைப் பார்த்துத்தான் அது எதைத் திரும்ப கம்பைல் பண்ணணும்னு முடிவு பண்ணும். எங்க ஃபைல்கள் இருப்பது சர்வரில். அதனால் சேவ் பண்ணும்போது விழும் நேரம் சர்வருடையது. 'மேக்' ஓடுவதோ என் முன்னாடி இருக்கும் மெஷினில். ஆக, சர்வர் கடிகாரம் எல்லோரையும்விட எட்டு நிமிஷம் முன்னால் ஓடிட்டிருக்கு.

எட்டு நிமிஷம். 11.54... 12.02...

அப்போதான் என் இடது கையைப் பார்த்தேன். வயிற்றுக்குள் ஜில்லென்று ஏதோ இறங்கிச்சு.

என் வாட்ச் எப்பவுமே எட்டு நிமிஷம் ஃபாஸ்ட். காலையில் 7.10 காலேஜ் பஸ்ஸை விடக்கூடாதுன்னு நானே வெச்சுக்கிட்டது. மூணு வாரம் முன்னாடி கரன்ட் போய், யுபிஎஸ்ஸும் கையை விரிச்சு, சர்வர் அணைஞ்சு போச்சு. திரும்ப எழுந்தப்போ பல வருஷம் பின்னாடி போய் உட்கார்ந்திருந்தது. மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி, அதாங்க சிஆர் 2032, செத்துப் போச்சு. லேப் அண்ணா பேட்டரியை மாத்திட்டு, "தம்பி, டைமை செட் பண்ணிடு" என்றார். நான்தான் லேப் வாலன்டியராச்சே! லேபுக்குள் செல்போனுக்குத் தடா. கையில் வாட்ச் இருக்க கவலை ஏன்? 'டேட்' கமாண்டை எடுத்தேன், வாட்ச்சைப் பார்த்தேன், அடிச்சேன். எட்டு நிமிஷம் என்ற நினைப்பே வரலை.

சார் சொன்னது சரிதான். சர்வர் பொய் சொல்லலை. நான் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்லிச்சு, அவ்வளவுதான்.

கடிகாரம் ஏன் ஓடிப்போகுது?

நான் சரியான நேரத்தையே வெச்சிருந்தாலும் பிரச்னை முழுசா தீர்ந்திருக்காது. லேப் மெஷின்கள் ஒவ்வொண்ணும் ஒரு நம்பர் காட்டிச்சே, ஏன்?

கம்ப்யூட்டருக்குள் ரெண்டு கடிகாரம் உண்டு. ஒண்ணு, மெஷினை அணைச்சாலும் பட்டன் பேட்டரியில் ஓடுவது. அதில் இருக்கும் குவார்ட்ஸ் கல் செகண்டுக்கு 32,768 தடவை அதிரும். இரண்டின் 15-வது அடுக்கு அது. பாதி பாதியா 15 தடவை வகுத்தால் சரியா ஒரு செகண்ட் வந்துடும், அதுக்குத்தான் அந்த நம்பர். இன்னொண்ணு, மெஷின் ஓடும்போது கெர்னல் தானே எண்ணிக்கொண்டு போகும் சிஸ்டம் கடிகாரம். இதுவும் ஒரு கல்லை நம்பித்தான் ஓடுது.

கல் என்னதான் ஒழுங்கா இருந்தாலும் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகுவது சாதாரணம். சூடு ஏறினால், வயசானால் இன்னும் மாறும். '20 பங்குதானே' என்கிறீங்களா? ஒரு நாளைக்கு 86,400 செகண்ட். கணக்குப் போட்டால் தினம் 1.7 செகண்ட். ஒரு வருஷத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல! ஏசி காத்து நேரா படும் மெஷின் ஒரு பக்கம் ஓடும், ஜன்னல் வெயிலில் வேகும் மெஷின் இன்னொரு பக்கம் ஓடும். அறுபது மெஷின், அறுபது நேரம்.

இது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. 19-ம் நூற்றாண்டில் பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம், மெட்ராஸுக்கு ஒரு நேரம் என்றுதான் இருந்தது. ரயில் வந்ததும்தான் தலைவலி. ஊருக்கு ஊர் மணி மாறினால் டைம்டேபிள் எப்படிப் போடுவது? கடைசியில் மெட்ராஸ் அப்சர்வேட்டரி கணிச்ச நேரத்தை ரயில்வே எடுத்துக்கிட்டது. 1906 ஜனவரி 1-ல்தான் ஐஎஸ்டி, அதாவது இந்தியப் பொது நேரம் வந்தது. பழைய மெட்ராஸ் நேரத்துக்கும் ஐஎஸ்டிக்கும் வித்தியாசம் சுமார் ஒன்பது நிமிஷம். தனியா இருக்கும் வரைக்கும் யாருக்கும் எந்த நேரமும் சரிதான். இன்னொருத்தரோட சேர்ந்து வேலை பண்ணும்போதுதான் பொது நேரம் தேவைப்படுது. சர்வருக்கும் அதே கதைதான்.

ஜூனியரை அனுப்பி மணி கேளு!

கம்ப்யூட்டர்கள் ஒண்ணுக்கொண்ணு மணி கேட்டுச் சரி பண்ணிக்கொள்ள ஒரு ஏற்பாடு இருக்கு. நெட்வொர்க் டைம் புரோட்டோகால், சுருக்கமா என்டிபி. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் உருவாக்கியது. இதன் முதல் விதிமுறை 1985-ல் வெளியானது. பிறவியிலேயே க்ளாகோமா என்ற கண் நோயோடு போராடியவர் அவர். 2024 ஜனவரியில் காலமானார். நம்ம செல்போனில் மணி சரியா இருக்குன்னா, அதில் அவருக்கும் பங்கு உண்டு.

சரி, மணி கேட்கிறதில் என்ன பெரிய வித்தைன்னு தோணும். கேட்ட பதில் வந்து சேர்வதற்குள் நேரம் ஓடிடுமே, அதுதான் சிக்கல். என்டிபி அதை எப்படிச் சமாளிக்குதுன்னு ஒரு உதாரணம்.

லேபில் என் கடிகாரம் 10.00 காட்டுது. ஒரு ஜூனியரை மெயின் கேட் கடிகாரத்தைப் பார்த்துட்டு வரச் சொல்லி அனுப்புறேன். அவன் கேட்டுக்குப் போய்ச் சேரும்போது அங்கே மணி 9.55. வாட்ச்மேன் அண்ணன்கிட்ட ஒரு நிமிஷம் கதை பேசிட்டுக் கிளம்பும்போது 9.56. திரும்பி வரும்போது என் கடிகாரத்தில் 10.07.

இப்போ கணக்கு. என் கடிகாரப்படி அவன் வெளியே இருந்தது ஏழு நிமிஷம். அதில் கதை பேசினது ஒரு நிமிஷம். நடந்தது ஆறு. போக மூணு, வர மூணு. அப்படின்னா அவன் கேட்டில் போய் நின்றபோது என் கடிகாரம் 10.03 காட்டியிருக்கும். கேட்டில் 9.55. ஆக, நான் எட்டு நிமிஷம் ஃபாஸ்ட்!

என்டிபியும் இதே நாலு நேரங்களைத்தான் வாங்கிக் கணக்குப் போடுது. ஒரே ஓட்டை: போகவும் வரவும் ஒரே நேரம் ஆகும்னு நம்புது. திரும்பி வரும் வழியில் ஜூனியர் கேன்டீனில் வடை சாப்பிட்டால் கணக்கு தப்பும். அதனால்தான் ஒருத்தரை மட்டும் ஒரு தடவை கேட்டுட்டு விடாமல், பல சர்வர்களைத் திரும்பத் திரும்பக் கேட்கும்.

எத்தனை பேரைக் கேட்கணும்? ரெண்டு பேரைக் கேட்டு, ரெண்டு பேரும் வேற வேற மணி சொன்னால் யாரை நம்புவது? மூணு பேர் இருந்தால் ஒருத்தர் தப்பாச் சொன்னாலும் மாட்டிப்பார். நாலு இருந்தால் இன்னும் நிம்மதி.

இவங்க எல்லோருக்கும் மணி சொல்வது யார்? அணுக் கடிகாரம், ஜிபிஎஸ் மாதிரி மூலங்கள். அவை 'ஸ்ட்ராட்டம் 0'. அதோடு நேரடியா இணைந்த சர்வர் 'ஸ்ட்ராட்டம் 1'. அதைக் கேட்பது 2. இப்படி 15 வரைக்கும் போகலாம். 16 என்றால் 'எனக்கே மணி தெரியாது, என்னைக் கேட்காதீங்க' என்று அர்த்தம். நம்ம நாட்டுக்கான மணியைக் காப்பது டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம், என்பிஎல். 2022 ஏப்ரலில் சிஇஆர்டி-இன் அமைப்பு போட்ட உத்தரவில், இந்தியாவில் இருக்கும் நிறுவனங்கள் என்பிஎல் அல்லது நிக் அமைப்பின் நேர சர்வரோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வரோடு இணையணும்னு சொல்லிட்டாங்க. எங்கேயாவது ஹேக்கிங் நடந்தால் எது முன்னாடி நடந்தது, எது பின்னாடி நடந்ததுன்னு கண்டுபிடிக்க லாக் நேரங்கள் பொருந்தணுமே!

ஆசை காட்டிய ரூட் பாஸ்வேர்டு

இதெல்லாம் அன்னைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து படிச்சேன். அப்போ ஒரு கெட்ட யோசனையும் வந்தது. என்கிட்டதான் ரூட் பாஸ்வேர்டு இருக்கே! சத்தம் போடாமல் சர்வர் மணியைச் சரி பண்ணிட்டால்? யாருக்குத் தெரியப் போகுது? அவளுக்குப் பத்து மார்க் போகும்... ஆனா எனக்கு வாலன்டியர் வேலை தப்பும்.

கையைக் கீபோர்டில் வெச்சுட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். லேப் அண்ணா பின்னாடி வந்து நின்னது தெரியலை. மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிருக்கணும். எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அவர் திட்டலை. "தம்பி, இப்போ நீ சரி பண்ணிட்டா, எவ்வளவு தப்பா இருந்துச்சுன்னு அப்புறம் எப்படிக் காட்டுவே? முதல்ல அள. எழுதி வை. அப்புறம் திருத்து" என்றார்.

யோசிச்சுப் பாருங்க. கடிகாரத்தை இனிமேலுக்குத்தான் திருத்த முடியும். ஏற்கெனவே குத்தின முத்திரை எல்லாம் அப்படியேதான் இருக்கும். எவ்வளவு பிசகுன்னு அளந்து வெச்சாத்தான் பழைய முத்திரைகளைக் கணக்குப் போட்டுப் படிக்கலாம். சத்தமில்லாமல் சரி பண்ணியிருந்தால், அவகிட்ட இருந்த ஒரே சாட்சியையும் நான் அழிச்சிருப்பேன்.

களத்தில் இறங்குவோம்!

இனி வேலை. உங்க லேபிலோ, உங்க உபுண்டு லேப்டாப்பிலோ பண்ணிப் பார்க்கலாம். அடுத்தவங்க சர்வரில் மட்டும் அனுமதி இல்லாமல் கை வைக்காதீங்க பாஸ்!

ஸ்டெப் 1: நிலவரம் பாருங்க. டெர்மினலில் டைம், டேட், சி-டி-எல் மூணையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி அடிங்க. அது காட்டும் பட்டியலில் ரெண்டு வரிகள் முக்கியம். 'என்டிபி சர்வீஸ்: ஆக்டிவ்' என்பது ஒண்ணு. 'சிஸ்டம் க்ளாக் சிங்க்ரனைஸ்டு' என்பது இன்னொண்ணு. எங்க லேப் மெஷின்களில் முதல் வரி 'ஆக்டிவ்', ரெண்டாவது வரி 'நோ'! அதாவது, மணி கேட்க ஆள் கிளம்பிட்டே இருக்கான், பதில் வாங்கிட்டு ஒருநாளும் வரலை. முதல் வரியை மட்டும் பார்த்து ஏமாந்துடாதீங்க.

ஸ்டெப் 2: ஒரே ஒரு டிரைவர். லினக்ஸில் என்டிபிக்குப் பல புரோகிராம்கள் உண்டு. பழைய பெருசு 'என்டிபிடி'. சும்மா மணி கேட்டு வாங்க மட்டும் தெரிந்த சின்னவன் 'டைம்சிங்க்-டி'. சர்வருக்கு நான் எடுத்தது 'க்ரோனி'. எதை வேணாலும் எடுங்க, ஆனா ஒரு மெஷினில் ஒண்ணுதான் ஓடணும். ஒரே ஸ்டீயரிங்கை ரெண்டு பேர் பிடிச்சால் வண்டி எங்கே போகும்? உபுண்டுவில் க்ரோனியை இன்ஸ்டால் பண்ணினதும் அதுவே ஓட ஆரம்பிக்கும். நான் அளக்காமல் திருத்தக்கூடாது என்பதால் முதல் வேலையா அதை நிறுத்தினேன்.

ஸ்டெப் 3: கதவைத் திறங்க. என்டிபி போவது யுடிபி 123-ம் போர்ட்டில். எங்க காலேஜ் ஃபயர்வால் அதை அடைச்சு வெச்சிருந்தது. நெட்வொர்க் ரூம் சாரைப் போய்ப் பார்த்தேன். "சும்மா அடைக்கலைப்பா. 2014-ல இந்த என்டிபி சர்வர்களை வெச்சே பெரிய பெரிய தாக்குதல் நடத்தினாங்க. சின்னதா ஒரு கேள்வியை எதிரி முகவரியில இருந்து கேட்கிற மாதிரி கேட்டா, பெரிய பதில் போய் அவன் தலையில விழும். அறுபது மெஷினுக்கும் திறக்க மாட்டேன். உங்க சர்வர் ஒண்ணுக்கு மட்டும் திறக்கிறேன். மத்ததெல்லாம் அதைக் கேட்கட்டும்" என்றார். யோசிச்சுப் பார்த்தால் இதுதான் நல்ல டிசைனும்கூட. வெளியே கூட்டம் குறையும், உள்ளே எல்லோரும் ஒரே மணி பேசுவாங்க.

ஸ்டெப் 4: அளந்து பாருங்க. க்ரோனிடி என்ற புரோகிராமுக்குக் கேபிட்டல் க்யூ ஆப்ஷன் கொடுத்து, பின்னாலேயே ஒரு நேர சர்வர் பேரையும் கொடுத்தால், பிசகு எவ்வளவுன்னு சொல்லிட்டு, எதையும் தொடாமல் வெளியே வந்துடும். ஸ்மால் க்யூ போட்டால் திருத்தியே விடும், ஜாக்கிரதை! எங்க சர்வர் பிசகு 491 செகண்ட். அதில் 480 என் வாட்ச். மிச்சம் 11-க்கு என் கை அவசரமும் கல்லோட கைவரிசையும் பொறுப்பு.

ஸ்டெப் 5: கான்ஃபிக் ஃபைல். உபுண்டுவில் இடிசி டைரக்டரிக்குள் க்ரோனி, அதற்குள் க்ரோனி டாட் கான்ஃப். 'சர்வர்' என்று தொடங்கும் வரிகளில் நேர சர்வர்களின் பெயரைக் கொடுங்க. என்பிஎல், நிக் சர்வர்களோடு 'என்டிபி பூல்' என்ற தன்னார்வத் திட்டத்தின் இந்தியப் பிரிவையும் சேர்த்து நாலு வெச்சேன். வரிக் கடைசியில் 'ஐபர்ஸ்ட்' என்று சேர்த்தால் ஆரம்பத்திலேயே கடகடவென நாலு கேள்வி கேட்டு சீக்கிரம் நேரத்தைப் பிடிச்சுக்கும். 'மேக்ஸ்டெப் 1 3' என்ற வரி, கிளம்பின முதல் மூணு அளவீட்டுக்குள் ஒரு செகண்டுக்கு மேல் பிசகு இருந்தால் ஒரே தாவாகத் தாவலாம்னு சொல்லுது. 'ஆர்டிசி சிங்க்' போட்டால் பேட்டரிக் கடிகாரத்தையும் அப்பப்போ சரி பண்ணிடும். கடைசியா 'அலோ' என்று போட்டு, லேப் நெட்வொர்க் முகவரியைக் கொடுங்க. உங்க சர்வர் இனி லேபுக்கே மணிக்கூண்டு!

ஸ்டெப் 6: தாவவா, தவழவா? கடிகாரத்தைத் திருத்த ரெண்டு வழி. ஒரே தாவு. இல்லைன்னா செகண்டைக் கொஞ்சம் நீட்டிக் குறுக்கி மெதுவா இழுப்பது. மெதுவா இழுப்பதுதான் பாதுகாப்பு. ஆனா என்டிபிடி அதிகபட்சம் செகண்டுக்கு அரை மில்லி செகண்ட்தான் இழுக்கும். 480 செகண்டை அப்படி இழுத்தால் 11 நாள் ஆகும்! தாவுவதிலும் வம்பு இருக்கு. பின்னோக்கித் தாவினால் அந்த எட்டு நிமிஷம் சர்வர் வாழ்க்கையில் ரெண்டு தடவை வரும். அந்த நேரத்தில் யாராவது ஃபைல் சேவ் பண்ணினால் புதுசு பழசாகிடும். அதனால் யாரும் வேலை பார்க்காத சனிக்கிழமை சாயங்காலத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

ஸ்டெப் 7: சரிபாருங்க. க்ரோனிசி என்று அடிச்சு, இடைவெளி விட்டு 'சோர்ஸஸ்' என்று அடிங்க. நட்சத்திரம் போட்ட சர்வரைத்தான் அது இப்போ நம்புது. ப்ளஸ் போட்டவை துணைக்கு. எக்ஸ் போட்டால் அது பொய் மணி. கேள்விக்குறி என்றால் நம்புற அளவுக்குப் பதில் வரலை, ஃபயர்வாலைப் பாருங்க. 'ரீச்' என்ற இடத்தில் 377 வந்தால் கொண்டாடுங்க. ஆக்டல் கணக்கில் அது எட்டு ஒண்ணு, அதாவது கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்திருக்கு! 'டிஜிட்டல் சிஸ்டம்ஸ் பேப்பர் எதுக்குப் படிக்கிறோம்' என்று கேட்டவங்களுக்கு இதோ பதில்.

அதே க்ரோனிசியில் 'ட்ராக்கிங்' என்று அடிச்சால் உங்க மெஷினின் கல் எவ்வளவு வேகம், எவ்வளவு சோம்பேறி என்பதையே சொல்லும். ஓட ஓட அந்தக் குணத்தைக் கத்துக்கிட்டு ஒரு ஃபைலில் எழுதி வெச்சுக்கும். நெட் கொஞ்ச நேரம் போனாலும் அந்த ஞாபகத்தை வெச்சே சமாளிக்கும்.

லேப் மெஷின்களுக்குப் புதுசா எதுவும் போடலை. ஏற்கெனவே இருந்த டைம்சிங்க்-டியின் கான்ஃபிக் ஃபைலில், என்டிபி என்ற வரியில் எங்க சர்வர் பெயரை எழுதி விட்டோம். அறுபது மெஷினுக்கும் ஒருநாள் வேலை. அதுக்கப்புறம் 'மேக்' எதிர்காலத்தைப் பத்தி ஜோசியம் சொல்றதையே நிறுத்திடுச்சு.

491-ம் நாலு பேரும்

எங்கே விட்டேன்? ஆங்... சார் ரூம்.

ஸ்டெப் 4 முடிச்சதும், திருத்துவதற்கு முன்னாடியே, 491 என்று வந்த திரையைப் பிரின்ட் எடுத்துக்கிட்டு லேப் அண்ணாவோட சாரைப் போய்ப் பார்த்தேன். இன்னொரு பேப்பரும் கையில் இருந்தது. சர்வர் லாகில் இருந்து எடுத்த ஒரு வரி. ரூட் அதிகாரத்தில் யார் எந்தக் கமாண்ட் அடிச்சாலும் அது பேரோட பதிவாகும். மூணு வாரம் முன்னாடி 'டேட்' கமாண்டை அடிச்சவன் பேர் அதில் தெளிவா இருந்தது. என் பேர்.

சார் ரெண்டையும் ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த மூணு வாரத்துல எத்தனை அசைன்மென்ட் வந்திருக்கு?" என்று மட்டும் கேட்டார். லிஸ்ட்டை எடுத்தோம். எல்லா நேரத்திலும் 491 செகண்டைக் கழிச்சுப் பார்த்தோம். 'லேட்' ஆனவங்களில் நாலு பேர் உண்மையில் லேட்டே இல்லை.

நாலு பேர்! சண்டை போட்டது அவ ஒருத்தி மட்டும்தான். மத்த மூணு பேரையும் கூப்பிட்டுக் கேட்டோம். "சர்வரே சொல்லுதேன்னு நாங்க பேசாம இருந்துட்டோம்" என்றார்கள். அதில் ஒருத்தன், "என் போன்லதான் டைம் தப்பு போலன்னு நினைச்சு மாத்தி வெச்சேன்டா" என்றான். சரியான கடிகாரத்தை என் தப்பான கடிகாரத்துக்கு ஏத்த மாதிரி மாத்தியிருக்கான்! இதைவிட ஒரு அடி எனக்கு வேணுமா?

நாலு பேருக்கும் மார்க் திரும்பி வந்தது. எனக்குத் தண்டனை உண்டா? உண்டு. வாலன்டியர் வேலை போகலை. ஆனா லேபில் ஒரு நோட்டு போட்டிருக்கார் சார். சர்வரில் யார் எதை மாத்தினாலும் தேதி, நேரம், காரணத்தோட கையால் எழுதணும். அந்த நோட்டோட முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கு: 'கடிகாரம் 491 செகண்ட் தப்பாக இருந்தது. காரணம், நான்.'

அவகிட்ட சாரி சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தா. "டேய், அந்த வாட்ச்சைக் கழட்டுடா" என்றாள். போனைப் பார்த்து, செகண்ட் சுத்தமா சரி பண்ணிக் கொடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை நான் 7.10 பஸ்ஸை விட்டுட்டேன். பரவாயில்லை!

பிட் நோட்டீஸ்

* ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வெச்சிருக்கீங்களா? மாறி மாறிப் போகும்போது மணி ஐந்தரை மணி நேரம் குதிக்குதா? பேய் இல்லை. லினக்ஸ் பேட்டரிக் கடிகாரத்தை யுடிசி என்று எடுத்துக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கும். ரெண்டில் ஒண்ணை இன்னொண்ணுக்கு ஏத்த மாதிரி மாத்தி வைங்க.

* என்டிபி அனுப்புவது எப்பவும் யுடிசி மட்டும்தான். அதோட ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுவது உங்க மெஷினின் டைம் ஸோன் வேலை. மணி ஐந்தரை மணி நேரம் தப்பினால் என்டிபியைத் திட்டாதீங்க, டைம் ஸோனைப் பாருங்க.

* என்டிபி 1900 ஜனவரி 1-ல் இருந்து செகண்டுகளை எண்ணுது. அதன் 32 பிட் எண் 2036 பிப்ரவரி 7-ல் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். பழைய 32 பிட் யூனிக்ஸ் கடிகாரத்துக்குக் கெடு 2038 ஜனவரி 19. அப்போ நாமெல்லாம் முப்பதைத் தாண்டி வேலையில் இருப்போம். சரி பண்ணப் போறது நாமதான் மக்களே!

இந்த வார ஹோம்வொர்க்: உங்க லேபுக்குப் போங்க. பக்கத்துப் பக்கத்து ரெண்டு மெஷினில் 'டேட்' கமாண்டை ஒரே நேரத்தில் தட்டுங்க. ரெண்டும் ஒரே செகண்ட் காட்டினால் உங்க லேப் அண்ணாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்க. காட்டலைன்னா, எதையும் தொடாதீங்க. முதல்ல அளந்து எழுதி வைங்க!